ஆசிரியர் குரலும் மாணவர் செவியும்: வகுப்பறைச் செவித்துணைக் கருவிகளின் வரலாறு

கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றோர் அதிகாரத்தைத் திருவள்ளுவர் வகுத்தார். ஏடும் எழுத்தாணியும் எல்லார்க்கும் எட்டாத காலத்திலே செவியே கல்வியின் பெருவாயிலாக விளங்கியமையை இவ்வைப்புமுறை உணர்த்தும். கிரேக்க அறிஞராகிய அரிஸ்டோட்டிலும், ஐம்புலன்களுள் அறிவு வளர்ச்சிக்கு மிகுதியுந் துணைபுரிவது செவிப்புலனே என்றார். பொருளுடைய சொல்லை உள்ளே கொண்டுவருவது அப்புலன் ஆதலின் அவர் அவ்வாறு கருதினார். செவியின் சிறப்பை இங்ஙனம் எடுத்துரைத்தல் எளிது. அவ்வாயில் முற்றாகவோ பாதியாகவோ அடைபட்ட பிள்ளைக்குக் கல்வி எவ்வாறு சென்றடையும் என்பதே அரிய வினா. அவ்வினாவுக்கு மேலைநாட்டார் தேடிய விடைகளுள் ஒன்று கருவி. ஊதுகொம்பு முதல் இக்கால வானொலி ஒலிவாங்கி வரை நீளும் இக்கருவிகளின் வரலாற்றை ஒலியைப் பெருக்கிய வரலாறு என்றே பலரும் எண்ணுவர். நுணுகி நோக்கின், அஃது ஆசிரியரின் வாய்க்கும் மாணவரின் செவிக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குறைக்க மனிதர் செய்த முயற்சியின் வரலாறே என்பது புலனாகும்.

கருவி தோன்றுமுன்னரே இப்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் முயற்சி தோன்றிவிட்டது. 16ஆம் நூற்றாண்டிலே ஸ்பெயின் நாட்டுத் துறவியாகிய பேதுரோ பொன்சே த லெயோன் என்பார் உயர்குடியிற் பிறந்த செவிப்புலனற்ற சிறுவருக்கு எழுத்தும் பேச்சும் பயிற்றினார். 18ஆம் நூற்றாண்டிலே பாரிசு நகரில் அருட்டந்தை த லெப்பே அவர்கள் ஏழை எளியோரின் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து, அப்பிள்ளைகள் தம்முள் வழங்கிய சைகைகளையே அடிப்படையாகக் கொண்டு கற்பித்தார். யேர்மனியில் சாமுவேல் ஹைனிக்கே 1778ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் நிறுவிய பள்ளியோ வாய்ப்பேச்சையே முதன்மையாகக் கொண்டது. சைகைவழி, பேச்சுவழி என்னும் இவ்விரு நெறிகளின் பிணக்கு அன்று தொடங்கி இரு நூற்றாண்டுகள் நீடித்தது. பின்வந்த கருவிகள் யாவும் இப்பிணக்கின் நடுவிலேயே பிறந்து வளர்ந்தன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

செவிப்புலன் இழந்தோர் எனப்பட்டோர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர் என்பதை ஆய்ந்து காட்டியவருள் முன்னோடி பிரான்சிய மருத்துவர் ஈத்தார் ஆவார். 1800ஆம் ஆண்டிற் பாரிசு நிறுவனத்திலே மருத்துவராக அமர்ந்த அவர், மணி, முரசு முதலியவற்றை ஒலித்து மாணவரைச் சோதித்தார். ஒலியே இல்லா உலகில் வாழ்வதாகக் கருதப்பட்ட மாணவருட் சிலர் சில ஒலிகளை உணர்ந்தனர். பயிற்சியினால் அவ்வுணர்வு கூர்மையும் பெற்றது. 1821ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் அவர் கேட்குந் திறனைப் பல படிகளாகப் பகுத்தார். எஞ்சிய செவிப்புலன் என்று இன்று வழங்குங் கருத்தின் வித்து இதுவே. முற்றும் அடைபடாத வாயிலாயின் அதனூடே புகத்தக்கதாய் ஒலியைச் செலுத்த முடியுமன்றோ? கருவியின் தேவை இவ்விடத்திலேதான் எழுகின்றது.

அக்காலத்துக் கருவி ஊதுகொம்பின் வடிவினது. அகன்ற வாயினால் ஒலியைத் திரட்டி ஒடுங்கிய முனையாற் செவிக்குள் விடுவது அதன் தொழில். இலண்டனில் எப். சீ. றைன் என்பார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை விற்பனைக்குச் செய்தார். போர்த்துக்கல் அரசர் ஆறாம் ஜோன் 1819ஆம் ஆண்டளவிற் பெற்ற அரியணை இவ்வகைக் கருவிகளுள் வியப்புக்குரியது. அதன் கைப்பிடிகள் வாய் திறந்த சிங்கங்களாகச் செதுக்கப்பட்டிருந்தன. பேச வந்தோர் மண்டியிட்டுச் சிங்கத்தின் வாயருகே பேச, ஒலி உள்ளமைந்த குழாய்வழியே அரசரின் செவியை அடைந்தது. இவ்வேற்பாட்டின் உண்மைப் பயன் யாது? பேசுவோரின் வாய் கருவியின் வாயை நெருங்கியமையே. அரசர் ஆணையிட்டால் அவையோர் நெருங்கி வந்து மண்டியிடுவர். பின்வரிசையில் அமர்ந்த மாணவன் தன் ஆசிரியரை அவ்வாறு பணித்தல் இயலுமோ? வகுப்பறையின் இடர் முழுவதும் இந்த ஒப்புமையில் அடங்கும்.

1879ஆம் ஆண்டிலே சிக்காகோவைச் சேர்ந்த றிச்சர்ட் றோட்ஸ் என்பார் விசிறி போன்றதொரு தகட்டைச் செய்து, அதன் விளிம்பைப் பற்களாற் கவ்விக்கொண்டால் ஒலியதிர்வு எலும்பின் வழியே உட்செவியைச் சேரும் என்று காட்டினார். செவிப்புலன் இழந்த பிள்ளைகளிடத்தும் அத்தகடு சோதிக்கப்பட்டது. வேறு சில பள்ளிகளில், பேசுவதற்கு ஒரு வாயும் கேட்பதற்குப் பல கிளைகளும் உடைய இறப்பர்க் குழாய்களைப் பயன்படுத்தினர். இவற்றால் ஓரளவு நன்மை விளைந்ததாயினும், ஆசிரியர் குழாயின் முனையை விட்டு அகலல் இயலாமையின், கரும்பலகையும் உலாவுதலும் அவருக்கு மறுக்கப்பட்டன.

மின்சாரம் இத்துறையிற் புகுந்த கதை ஓர் ஆசிரியரின் கதையே. தொலைபேசியைக் கண்டவர் என்று உலகம் போற்றும் அலெக்சாந்தர் கிரகாம் பெல் தம்மைச் செவிப்புலன் இழந்தோரின் ஆசிரியர் என்று கூறுவதையே பெரிதும் விரும்பினார். அவருடைய அன்னையார் செவிப்புலன் குன்றியவர். பிறர் குழாயின் வழியே உரக்கப் பேச, மைந்தரோ அன்னையின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த தெளிந்த குரலிற் பேசுவார். உரப்பினும் அண்மையே பயன் தரும் என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்தார் போலும். 1871ஆம் ஆண்டிற் பொஸ்ரன் நகரப் பள்ளியொன்றிலே தந்தையார் வகுத்த 'காணும் பேச்சு' என்னும் குறியீட்டு முறையைக் கற்பிக்கச் சென்ற பெல், ஒலியைக் கண்ணாற் காணத்தக்கதாக்க முனைந்தார். 1874ஆம் ஆண்டிலே, இறந்தோர் ஒருவரின் செவியைக் கொண்டமைத்த கருவி, ஒலியதிர்வைப் புகைபடிந்த கண்ணாடியில் வரைந்து காட்டிற்று. அத்துணை மெல்லிய சவ்வு எலும்பையே அசைக்குமாயின் மின்னோட்டத்தை ஏன் அசைக்கலாகாது என்ற எண்ணம் அவருள்ளத்தில் முளைத்தது. 1876ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் தொலைபேசிக்கான உரிமம் அவருக்குக் கிடைத்தது. வகுப்பறையின் தேவை உலகுக்குத் தொலைபேசியை அளிக்க, அத்தொலைபேசியின் உறுப்புக்களே பின்னர்ச் செவித்துணைக் கருவியாக வகுப்பறைக்கு மீண்டன.

ஆயின் அக்காலத்திலேயே ஒரு பெருந்தவறும் நிகழ்ந்தது. 1880ஆம் ஆண்டு செத்தெம்பரில் இத்தாலி நாட்டு மிலான் நகரில் இப்பிள்ளைகளின் ஆசிரியர்கள் ஒரு மாநாடு கூட்டினர். கூடிய 164 பேருள் இத்தாலியரும் பிரான்சியருமே பெரும்பான்மையினர். செவிப்புலன் இழந்தவர் ஒருவரே. சைகையினும் பேச்சே மேலானது என்றும், கற்பித்தல் வாய்ப்பேச்சு முறையிலேயே நிகழவேண்டும் என்றும் அவர்கள் தீர்மானித்தனர். அமெரிக்கப் பேராளரும் பிரித்தானியர் ஒருவரும் மறுத்தும் பயனில்லாது போயிற்று. அதன்பின் ஐரோப்பியப் பள்ளிகள் பலவற்றிலே சைகைமொழி விலக்கப்பட்டது. செவிப்புலன் இழந்த ஆசிரியர்கள் தம் தொழிலை இழந்தனர். எவருடைய கல்வியைப் பற்றி முடிவு செய்யப்பட்டதோ அவர்களுடைய குரல் அவையில் ஒலிக்கவில்லை. அக்காலத்துக் கருவியோ விசிறித் தகடும் இறப்பர்க் குழாயுமே. கேட்கச் செய்யும் ஆற்றல் கைகூடுமுன்னே கேட்டே ஆகவேண்டும் என்று விதித்தமை பல தலைமுறைப் பிள்ளைகளை மொழியே இல்லாத நிலைக்குத் தள்ளிற்று.

வியன்னாவிலே மருத்துவர் ஊர்பான்சிச் எஞ்சிய செவிப்புலனைப் பயிற்சியால் வளர்க்கும் முறையை விரிவாக வகுத்தார். அவரிடம் பயின்ற மக்ஸ் கோல்ட்ஸ்ரைன் அம்முறையை அமெரிக்காவிற்குக் கொண்டுசென்று, 1914ஆம் ஆண்டிற் செயின்ற் லூயி நகரில் ஒரு கல்வி நிலையத்தை நிறுவினார். இதற்கிடையே கரித்தூள் ஒலிவாங்கி கொண்ட மின்கருவிகளும் விற்பனைக்கு வந்திருந்தன. அவை பாரமானவை, கேட்போர்க்கு இரைச்சலை மிகுவித்தன, கடுமையான குறைபாட்டிற்கு உதவவும் இல்லை. இத்துறையை மாற்றியமைத்தது வெற்றிடக் குழாய் என்னும் வால்வு ஆகும். அதனால் ஒலியை வேண்டிய அளவு பெருக்கவும், அளந்து வழங்கவும் முடிந்தது.

அளக்க முடிந்தமையால் விளைந்த பயன் பெருக்க முடிந்தமையின் பயனினும் பெரிது. 1920களிலே அமெரிக்கப் பள்ளிகளில் ஒருவகைச் சோதனைக் கருவி புகுந்தது. இசைத்தட்டில் பதிந்த குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே வரவர மெலிந்து செல்லும். நாற்பது பிள்ளைகள் வரை ஒரே வேளையிற் செவிக்குமிழ் அணிந்து, தமக்குக் கேட்ட எண்களைத் தாளில் எழுதுவர். எழுதுதல் எவ்விடத்தில் நின்றதோ அவ்விடத்திற் செவியின் எல்லை தெரியும். 1926ஆம் ஆண்டில் மருத்துவர் பவுலரும் பௌதிகர் பிளெச்சரும் எழுதிய கட்டுரை, அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுள் முப்பது இலட்சம் பேருக்குச் செவிப்புலன் குறைவு உண்டு என மதிப்பிட்டு ஆசிரியர்களைத் திடுக்குறச் செய்தது. அவர்களுட் பலர் சோம்பர் என்றும் அறிவு குறைந்தோர் என்றும் பின்தள்ளப்பட்டவர். தமிழிலே மந்தம் என்னுஞ் சொல் காதுக்கும் புத்திக்கும் பொதுவாய் வழங்குகின்றது. சொல்லளவில் நிகழ்ந்த இம்மயக்கம் வகுப்பறைகளில் மனிதரளவிலும் நிகழ்ந்தது. ஒன்றை மற்றொன்றாகக் கருதி ஒறுக்கப்பட்ட பிள்ளைகள் எத்துணையர் என்று எவரும் கணக்கிட்டிலர்.

வால்வு தந்த மற்றொரு பேறு கூட்டுக் கேட்கருவி. ஆசிரியரின் மேசையில் ஒலிவாங்கி. அதனை அடுத்துப் பெருக்கி. அதிலிருந்து ஒவ்வொரு மாணவரின் மேசைக்கும் கம்பி. கம்பியின் முனையிற் செவிக்குமிழும், வேண்டிய அளவுக்கு ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகும். ஆசிரியர் ஒலிவாங்கியின் அருகே பேசுதலின் அக்குரல் தெளிவு குன்றாது எல்லாச் செவிகளையும் ஒருசேர அடைந்தது. போர்த்துக்கல் அரசரின் சிங்கத்தின் வாய் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்தது எனலாம். ஆயினும் மாணவர் கம்பியாற் பிணிக்கப்பட்டவராயினர். எழுந்து கரும்பலகைக்குச் செல்லுதலும் அடுத்தவரோடு உரையாடுதலும் தடைப்பட்டன. மணியடித்ததும் செவிக்குமிழைக் கழற்றி வைத்து விளையாட்டிடத்திற்குச் செல்லும் பிள்ளை மீண்டும் பழைய அமைதியுள் மூழ்கியது.

இக்கட்டை அறுத்தது உடலில் அணியுங் கருவி. இங்கிலாந்திலே மன்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் 1919ஆம் ஆண்டு முதல் இத்துறை ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஐரின், அலெக்சாந்தர் யூவிங் தம்பதியர் சிறு பராயத்திலேயே குறையைக் கண்டறிந்து கருவி அணிவித்தலின் இன்றியமையாமையை அங்கு வற்புறுத்தினர். 1948ஆம் ஆண்டில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, மருத்துவ ஆராய்ச்சிச் சபை வகுத்த 'மெட்றெஸ்கோ' என்னுங் கருவி விலையின்றி வழங்கப்பட்டது. செல்வர்க்கே உரியதாயிருந்த துணை ஏழைப் பிள்ளைக்கும் உரிமையாயிற்று. பெல் ஆய்வுகூடத்தில் 1947ஆம் ஆண்டின் இறுதியில் உருவாகிய திரான்சிற்றர் 1952ஆம் ஆண்டின் இறுதியிற் செவித்துணைக் கருவியுட் புகுந்தது. பெல் ஆற்றிய பணியை நினைந்து, இக்கருவி செய்வோரிடம் அதற்குரிய உரிமைப் பணம் பெறப்படவில்லை. மார்பிலே தொங்கிய பெட்டி சில ஆண்டுகளுள் காதின் பின்புறம் மறையுமளவிற்குச் சுருங்கியது.

இங்கேதான் எதிர்பாராத இடர் தோன்றிற்று. கூட்டுக் கருவியின் ஒலிவாங்கி ஆசிரியரிடம் இருந்தது. அணிகருவியின் ஒலிவாங்கியோ மாணவரிடம் உள்ளது. பிள்ளைக்கு விடுதலை கிடைத்தது. தூரமும் உடன் திரும்பி வந்தது. திறந்த வெளியிலே தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலிமட்டம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அறையினுள்ளோ, சுவர்களில் மோதி மீளும் எதிரொலி சொற்களின் விளிம்பை மழுக்கும். இருக்கை இழுபடும் ஓசை, அடுத்த வகுப்பின் பேரொலி, காலடி ஆகிய யாவற்றையும் கருவி ஆசிரியர் குரலோடு சேர்த்தே பெருக்கும். நற்செவி உடையோர் இரைச்சலின் நடுவே வேண்டிய குரலைப் பிரித்தெடுப்பர். பழுதுற்ற உட்செவிக்கு அவ்வாற்றல் குறைவு. எனவே கருவி அணிந்த பிள்ளைக்கு எல்லாம் கேட்கும், ஆயின் விளங்காது. "கருவி போட்டும் கவனிக்கவில்லையே" என்று ஆசிரியர் சினக்கும் வேளையில் உண்மையில் நிகழ்வது இதுவே. ஒலியைப் பெருக்குதல் வேறு, சொல்லைச் சேர்ப்பித்தல் வேறு என்பது இவ்விடத்தில் ஐயமற விளங்கும்.

விடுதலையை இழவாது அண்மையைப் பெறுவது எவ்வாறு? முதல் விடை காந்த வளையம். பொலியாக்கொவ் என்பார் 1937ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் இதற்கு உரிமம் பெற்றார். அறையைச் சுற்றி ஓடும் கம்பியிலே ஆசிரியர் குரலுக்கேற்ற மின்னோட்டம் பாயும். அதனால் எழுங் காந்தப்புலத்தை மாணவரின் கருவியிலுள்ள சிறு சுருள் பற்றி மீண்டும் ஒலியாக்கும். கம்பிப் பிணைப்பின்றியே குரல் செவியை அடைந்தது. ஆனால் காந்தப்புலம் சுவரை மதியாது. அடுத்த அறையின் வரலாற்றுப் பாடம் இவ்வறையின் கணிதத்துள் வந்து கலந்தது. இத்தொல்லையே வானொலி முறைக்கு வழிகோலிற்று. ஆசிரியர் சட்டையில் அணிந்த சிறு ஒலிவாங்கி தனக்குரிய அலைவரிசையில் ஒலிபரப்ப, மாணவரின் வாங்கி அதனை மட்டும் பற்றும். 1970களிலே இம்முறை பள்ளிகளிற் பரவியது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டமொன்று குறைபாடுடைய பிள்ளைகள் அனைவருக்கும் அரச பள்ளிக் கல்வியை உரிமையாக்கியது. தனிப்பள்ளியில் அடைபட்டிருந்தோர் பொதுவகுப்பினுள் நுழைந்த அக்காலத்துக்கு இக்கருவி ஏற்றதாய் அமைந்தது. ஆசிரியர் எங்கு நின்றாலும் அவருடைய வாய் மாணவர் செவிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

1977ஆம் ஆண்டில் இல்லினோய் மாநிலத்தின் தென்பகுதியில் தொடங்கிய ஆய்வொன்று மற்றொரு வழியைக் காட்டிற்று. ஆசிரியரின் குரலை வகுப்பறை ஒலிபெருக்கிகளினூடே எல்லார்க்கும் சற்றே உயர்த்தி வழங்கியபோது, தடிமனாலும் செவிநோயாலும் இடையிடையே செவி மங்கும் பிள்ளைகளும் கல்வியில் முன்னேறினர். குறையுடையோர்க்கென வைத்த ஏணியில் ஏனையோரும் ஏறினர். 2002ஆம் ஆண்டிலே அமெரிக்க நியமமொன்று ஆளில்லா வகுப்பறையின் இரைச்சல் 35 டெசிபெல்லை விஞ்சலாகாது என்றும், நடுத்தர அளவுள்ள அறையிலே எதிரொலி அடங்கும் நேரம் 0.6 செக்கனுக்கு மேற்படலாகாது என்றும் விதித்தது. குறை செவியில் மட்டுமன்று, அறையிலும் உண்டு என்பது இங்ஙனம் எழுத்தில் ஏறிற்று.

உட்செவியுள் மின்முனையை நேரே பதிக்கும் முயற்சி 1957ஆம் ஆண்டிற் பாரிசில் நிகழ்ந்தது. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டில் வளர்ந்தோருக்கும் 1990ஆம் ஆண்டிற் பிள்ளைகளுக்கும் அதனைப் பொருத்த இசைவு வழங்கப்பட்டது. 1996ஆம் ஆண்டு முதல் முற்றும் எண்ணியல் முறையில் இயங்கும் கருவிகள் சந்தைக்கு வந்தன. பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையிற் காட்டும் பொறிகளும் இன்று உண்டு. இத்துணை நுண்மை வந்தபின்னும் வகுப்பறையில் ஆசிரியர் அணியும் ஒலிவாங்கி வழக்கொழியவில்லை. ஊதுகொம்பின் காலத்து விதியே இன்றும் ஆளுகின்றது.

கருவி வளர்ந்த அதே காலத்திற் சைகைமொழியும் தன் உரிமையை மீட்டது. 1960ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்ரோக்கோ அமெரிக்கச் சைகைமொழி தனக்கெனக் கட்டமைப்புடைய உண்மை மொழியே என்று ஆய்ந்து நிறுவினார். 2010ஆம் ஆண்டிலே வன்கூவர் நகரில் நிகழ்ந்த அனைத்துலக மாநாடு, மிலான் தீர்மானங்களை மறுத்து, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தமும் தெரிவித்தது. அத்தீர்ப்பு மாற நூற்று முப்பது ஆண்டுகள் ஆயின. எஞ்சிய செவிப்புலன் உடைய பிள்ளைக்குக் கருவி பெருந்துணை. அஃது இல்லாத பிள்ளைக்குச் சைகையே தாய்மொழி. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்தல் கல்வியாகாது.

இலங்கையிலும் இக்கல்விக்கு ஒரு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பள்ளி இரத்மலானையிலும், பின்னர் தமிழ்ப் பிள்ளைகளுக்கென எழுந்த நவீல்ட் பாடசாலை கைதடியிலும் இப்பணியை ஆற்றின. ஆயினும் குறை சிறிதாயுள்ள பிள்ளை அங்கெல்லாம் செல்வதில்லை. பொதுப் பள்ளியின் பின்வரிசையிலேயே அமர்ந்திருக்கும். அரைச்சுவர் ஒன்றே நடுவில் நிற்க மூன்று வகுப்புக்கள் ஒரே மண்டபத்தில் ஓதும்போதும், தகரக் கூரையில் மாரிமழை பொழியும்போதும், விலையுயர்ந்த கருவியும் அதற்குப் பயன்படாது போகும். கருவி வாங்கப் பொருள் வேண்டும். அப்பிள்ளையை முன்வரிசைக்கு அழைத்தற்கும், கரும்பலகையை நோக்கிப் பேசாது முகங்காட்டிப் பேசுதற்கும், ஒரு மாணவர் கூறிய விடையை மற்றையோர் கேட்கத் திரும்பச் சொல்லுதற்கும், மந்தம் என்று முடிவு கட்டுமுன் செவியைச் சோதிப்பித்தற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நெடுங்காலமாகக் கருவிகள் செய்யமுயன்ற செயலும் இதுவே: ஆசிரியரைப் பிள்ளைக்கு அண்மையிற் கொண்டு நிறுத்துதல். அத்தூரத்தின் ஒரு பங்கையேனும் ஆசிரியர் தாமே நடந்து குறைத்தல் கூடும்.